கல்லைக் கேட்ட கரை

கார்த்திகை பிறந்து வடகிழக்குப் பருவக்காற்று கடலைக் கலக்கத் தொடங்கியதும், இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள கடலோரப் பங்குகளில் ஆண்டுதோறும் ஒரு சடங்கு நடைபெறும். திருவழிபாட்டு நாள்காட்டியில் அதற்கு இடமில்லை. எனினும் திருவருகைக் காலத்தைப் போலவே தவறாமல் வரும். இரவில் அலை ஏறி வீடு ஒன்றின் பின்சுவரை இழுத்துச் செல்லும். காலையில் பெண்கள் சாலையில் அமர்வார்கள். மாலையில் பங்குப் பேரவை கூடும். மனு ஒன்று எழுதப்படும்: எங்கள் பகுதியில் உடனடியாகக் கல் கொட்டித் தர வேண்டும். பங்குக் குரு முதலில் கையொப்பமிடுவார். சில வாரங்களில் லாரிகள் வரும்; பாறைகள் சரியும்; வந்து பார்வையிட்டுச் சென்றவருக்கு மாலை அணிவிக்கப்படும்; கோயிலில் நன்றித் திருப்பலியும் உண்டு. மறு ஆண்டு கார்த்திகையில் அதே மனு, தேதி மட்டும் மாற்றப்பட்டு.

நாமும் அம்மனுக்களில் கையொப்பமிட்டவரே. ஒரு முறை அன்று, பலமுறை. இக்கட்டுரை அக்கையொப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் முயற்சி. நம் மக்களைக் கடலிலிருந்து காப்பது கல் என்ற நம்பிக்கை பொய். அப்பொய்யை வளர்த்ததில் நம் மறையுரை மேடைக்கும் பங்குண்டு. இதுவே நாம் வாதிட வந்த செய்தி. சிலருக்குச் சினம் வரும் என்பதை அறிவோம்.

முதலில் இந்தக் கல் எங்கிருந்து வருகிறது என்று கேட்போம். நம் கடற்கரையில் பாறை கிடையாது. கொசஸ்தலையாறும் கூவமும் கொண்டுவந்த வண்டலும், கடல் ஒதுக்கிய மணலுமே வடசென்னையின் நிலம். சென்னைக்கு அருகே கல் இருப்பது தெற்கில்: பரங்கிமலை, பல்லாவரம், திரிசூலம் என்னும் குன்றுகளில். நீலம் பாய்ந்த கருஞ்சாம்பல் நிறக் கல் அது. பூமியின் ஆழத்தில் பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து, ஏறத்தாழ 250 கோடி ஆண்டு வயதை எட்டிய கல். கல்கத்தாவில் ஆங்கிலேயரின் குடியேற்றத்தை நிறுவிய ஜாப் சார்னாக் 1690களில் இறந்தபோது, அவருடைய கல்லறைக்குப் பதித்தது இங்கிருந்து சென்ற கல்லே. 1893இல் தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலார் அக்கல்லறையை நினைந்து இக்கல்வகைக்குச் 'சார்னகைட்' என்று பெயரிட்டார். புனித தோமாவின் மலைக்கல் ஒரு வணிகக் கம்பெனி அதிகாரியின் பெயரால் உலகெங்கும் அறியப்படுகிறது! பெயர் சூட்டும் உரிமை யாரிடம் இருந்தது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

அக்குன்றுகள் நமக்கு அந்நியமானவை அல்ல. 1547இல் போர்த்துகீசியர் பரங்கிமலை உச்சியில் ஆலயப் பணிக்கு மண்ணைக் கிளறியபோது வெளிப்பட்ட பழங்கற்சிலுவையை இன்றும் வணங்குகிறோம். பதினெட்டாம் நூற்றாண்டில் பெட்ரூஸ் உஸ்கான் என்ற அர்மீனிய வணிகர், மலையேறும் ஏழைத் திருப்பயணிகளுக்காகக் கற்படிகள் அமைத்தார். 1863 மே 30ஆம் நாள் இராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலார் பல்லாவரத்துச் சரளைக் குழியொன்றில் ஆதிமனிதன் செதுக்கிய கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் மனிதனின் தொன்மை பற்றிய பேச்சு அக்குழியில்தான் தொடங்கியது. அவன் கையளவு கல்லைச் செதுக்கினான். பின்வந்தவர்கள் குன்றையே செதுக்கினார்கள்.

எதற்காக? கோட்டைக்கு, பாலத்திற்கு, இருப்புப்பாதைக்கு, சாலைக்கு. அவற்றோடு துறைமுகத்திற்கு. இங்கேதான் தெற்கின் கதை வடக்கைத் தொடுகிறது.

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்கும். அலைமடிப்பைக் கடந்து சரக்கையும் ஆளையும் கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். பலகைகளை ஆணியின்றிக் கயிற்றால் தைத்த படகுகள் அவை. அவற்றைச் செலுத்தியவர்களுள் பெரும்பகுதியினர் நம் கத்தோலிக்கப் படகோட்டிக் குலத்தார். அவர்கள் தம் சம்பாத்தியத்தில் மகமை எடுத்து எழுப்பியதே புனித இராயப்பர் கோயில். இராயப்பர் பெயரால் வழங்கியதே இராயபுரம். இராயப்பர் என்பது நம் முன்னோர் பேதுருவை அழைத்த பெயர் என்பதும், பேதுரு என்றால் பாறை என்பதும் வாசகர் அறிந்தவை. பாறையின் பெயரைத் தாங்கிய மணலூர்! அந்த ஊரைப் பாறையைக் கொண்டே அழிப்பார்கள் என்று அன்று யார் எண்ணியிருக்கக் கூடும்?

1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் துறைமுகத்திற்கு அடிக்கல் நாட்டினார். வில்லியம் பார்க்ஸ் வரைந்த திட்டப்படி, கரையிலிருந்து இரண்டு கைகள் கடலுக்குள் நீண்டன. கீழே உடைகற் குவியல், மேலே காங்கிரீட் கட்டைகள். 1881 நவம்பரில் வீசிய புயல் அவ்விரு கைகளையும் முறித்துப் போட்டது. மீண்டும் கட்டினார்கள். கிழக்கு நோக்கி இருந்த வாயிலை மணல் தூர்த்தது. துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைவராயிருந்த பிரான்சிஸ் ஸ்பிரிங், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வாயிலை அடைத்து வடகிழக்கில் புதிய வாயிலைத் திறந்தார். பல்லாவரத்துக் குன்றுகள் இப்பணிகளுக்காகவும் உடைபட்டன.

நம் கடலில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை என்பதை எந்தக் கட்டுமரக்காரரும் சொல்வார். தென்மேற்குக் காற்றுக் காலம் முழுவதும் அலை கரையைச் சாய்வாகத் தாக்கி மணலை வடக்கே நகர்த்தும். வடகிழக்குப் பருவத்தில் சில மாதங்கள் தெற்கே திருப்பும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஆண்டுதோறும் மிஞ்சுவது வடக்கு நோக்கிய ஓட்டமே. கடலோரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் ஓடும் மணலாறு அது. துறைமுகத்தின் கை அவ்வாற்றை மறித்த அணை. அணைக்குத் தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே பஞ்சம் பிடித்தது. தெற்கே சேர்ந்த மணலுக்கு நாம் இட்ட பெயர் மெரீனா. 1884இல் ஆளுநர் கிராண்ட் டஃப் உலாவுசாலை அமைத்தபோது இன்றைய அகலம் அதற்கு இல்லை. உலகப் புகழ்பெற்றது என்று நாம் மார்தட்டும் அக்கடற்கரையின் ஒவ்வொரு பிடி மணலும் இராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டியது. 1876 முதல் 1975 வரையான நூறாண்டில் துறைமுகத்தின் வடக்கே ஏறத்தாழ 500 மீட்டர் கரை கடலுக்குள் போயிற்று என்பது பொறியாளரின் கணக்கு. ஐந்நூறு மீட்டர் என்றால் தெருக்கள், கிணறுகள், வலை உலர்த்திய வெளிகள், கல்லறைகள்.

திருவொற்றியூர் என்ற பெயருக்கு நம் இந்துச் சகோதரர்கள் ஒரு தலபுராணம் சொல்வர்: ஊழிவெள்ளம் இறைவன் ஆணையால் ஒற்றி விலகிய இடம் அது என்று. புராணத்தில் விலகிய கடல், பொறியியலின் காலத்தில் திரும்பி வந்தது.

மணல் பறிபோன கரைக்கு மருந்தாகக் கொண்டுவரப்பட்டதுதான் கல். கல்லால் வந்த நோய்க்குக் கல்லே மருந்து! கற்சுவரில் மோதும் அலைக்குத் தன் வலிமையைக் கரைத்துக்கொள்ளச் சரிவு கிடைப்பதில்லை. திரும்பிப் பாய்ந்து சுவரின் அடியில் மிச்சமிருக்கும் மணலையும் தோண்டிச் செல்கிறது. அடி தோண்டப்பட்டதும் கற்கள் இறங்குகின்றன. இறங்கிய உயரத்தை நிரப்ப மறுபடியும் லாரி. கடல் கல்லை விழுங்குகிறது என்று நம் மக்கள் சொல்வது வெறும் பேச்சன்று. பின்னர் 2004ஆம் ஆண்டு வாக்கில் தூண்டில் வளைவுகள் வந்தன. அவற்றுக்கிடையே சில இடங்களில் மணல் தங்கியதை மறுக்க மாட்டோம். ஆனால் ஒரு குப்பத்தில் தங்கிய மணல் அடுத்த குப்பத்துக்குப் போக வேண்டிய மணலே. அரிப்பு வடக்கே நகர்ந்தது. எண்ணூர்க் குப்பங்களும் தூண்டில் வளைவு கேட்டு மறியல் செய்தன. ஒரே கடவுளின் மக்கள் ஒருவர் பங்கை ஒருவர் பிடித்துவைத்துக்கொள்ளும் நிலைக்குத் தள்ளப்பட்டார்கள். மனுக்களும் அப்படியே: தெற்குப் பங்கின் மனு வெற்றி பெற்றால் வடக்குப் பங்கின் மனு பிறக்கும்.

கல் வந்தபின் கரை கரையாக இல்லை. கட்டுமரத்தை இழுத்து ஏற்ற இடம் போயிற்று. கரைவலை போயிற்று. கருவாடு காயவைத்த பெண்கள் நெடுஞ்சாலையின் ஓரத்துக்கு வந்தார்கள்; கன்டெய்னர் லாரிகளின் புழுதியில் மீன் காய்கிறது. குழந்தை விளையாடக் கடற்கரை இல்லாத கடற்கரையூர் எங்கேனும் உண்டா என்று கேட்டால் நம் பங்குகளைக் காட்டலாம். 2017 சனவரி 28இல் எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, அது போய்த் தங்கியது இக்கற்களின் இடுக்கில். எர்ணாவூர்ப் பாரதியார் நகரில் மீனவரும் மாணவரும் தன்னார்வலரும் பாறைகளுக்கிடையே இறங்கி வாளியால் மொண்ட காட்சியை நாடு முழுதும் பார்த்தது. மணற்கரையாயின் வழித்து எடுத்திருக்கலாம். கல்லிடுக்கில் கையை எவ்வளவு நீட்டுவது?

இனி நம் குற்றத்துக்கு வருவோம். மத்தேயு நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தில் இரு உவமைகள் அருகருகே உள்ளன. பாறைமேல் வீடு கட்டியவனும் மணல்மேல் கட்டியவனும் பற்றியது ஒன்று. அதை விளக்கி இக்கரையில் எத்தனை மறையுரை ஆற்றியிருப்போம்! பாறை உறுதி, மணல் உறுதியின்மை. பாறை விசுவாசம், மணல் உலகம். குருமடத்தில் கற்ற இலக்கண உரையை அப்படியே ஒப்பித்தோம். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக மணல்மேல் வீடு கட்டி வாழ்ந்தவர்கள். அவர்களைப் பேணியது அம்மணலே. ஆண்டவர் பேசியது கலிலேயாவின் மழைக்கால ஓடைகளைக் கண்ட மக்களிடம். வங்கக் கடலோரத்தாரிடம் அல்ல. அதே விவிலியத்தில் எரேமியாவின் ஐந்தாம் அதிகாரத்தைப் புரட்டியிருந்தால், கடலுக்கு எல்லையாகக் கடவுள் வைத்தது மணலை என்று கண்டிருப்போம். பாறையை அன்று, மதிலை அன்று, மணலை. அலை எவ்வளவு கொந்தளித்தாலும் அதைக் கடக்காது என்று இறைவாக்கினர் உரைக்கிறார். அப்பகுதியை இக்கரையில் ஒருமுறையேனும் விளக்கியதாக நமக்கு நினைவில்லை. இது சிறு மறதியன்று. மக்கள் கண்ணால் கண்ட உண்மையை மேடையிலிருந்து மறைத்த மறதி.

அதே அதிகாரத்தின் மற்றோர் உவமை, அப்பம் கேட்கும் பிள்ளைக்குக் கல்லைத் தரும் தகப்பன் உண்டா என்பது. நம் நிலை அதனினும் இரங்கத்தக்கது. நம் மக்கள் கல்லையே கேட்டார்கள். கேட்குமாறு பழக்கியவர்கள் நாம். தகப்பன்மார் மகிழ்ந்து கொடுத்தார்கள்.

மறுப்புரைகள் எழும். "சாமி, கல் இல்லாவிட்டால் இன்று இரவே என் வீடு போகுமே" என்பவரிடம் நமக்கு வாதமில்லை. வீடு விழும் இரவில் கல் வேண்டும். அடிபட்டவனுக்குக் கட்டுப் போடுவதுபோல. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது கற்சுவர் சில தெருக்களைக் காத்தது என்று பங்கு மக்கள் சாட்சி கூறுகிறார்கள், அதையும் ஏற்கிறோம். ஆனால் நூறாண்டாகக் கட்டை அவிழ்த்துக் காயத்தைப் பாராமல் கட்டின்மேல் கட்டுப் போடும் மருத்துவரை என்னவென்பது? "துறைமுகம் இன்றிச் சென்னை உண்டா, அதில் நம் பிள்ளைகளும் வேலை செய்கிறார்களே" என்பவருக்கு: துறைமுகத்தை இடிக்கச் சொல்லவில்லை. அது நிறுத்திவைத்த மணலுக்கு அது பொறுப்பேற்க வேண்டும் என்கிறோம். "இது பொறியாளர் வேலை, குருக்களுக்கு என்ன?" என்பவருக்கு: மனுவில் முதல் கையொப்பம் கேட்டபோது இக்கேள்வி எழவில்லையே!

இன்னொரு சாரார் நம் நெஞ்சுக்கு நெருக்கமானவர்கள். 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் எழுதிய இறைவா உமக்கே புகழ் என்னும் சுற்றுமடலைப் படித்தவர்கள். ஆண்டுக்கொருமுறை கோயில் வளாகத்தில் மரக்கன்று நடுகிறவர்கள். நல்லது. ஆனால் அதே வளாகத்தில் சுண்ணாம்புச் சாந்தாலான பழைய ஆலயத்தை இடித்துவிட்டு, பளபளக்கும் கிரானைட் பீடம், கிரானைட் தூண், கிரானைட் படி, உபயதாரர் பெயர் பொறித்த கிரானைட் பலகை. அண்டைப் பங்கின் கோயிலினும் ஓரடி கூடுதலாக. எந்தக் குன்றின் தோல் அது?

எவர் கை உடைத்த கல் என்றும் கேட்க வேண்டும். பல்லாவரமும் பரங்கிமலையும் 2002இல் செங்கற்பட்டு மறைமாவட்டம் உருவாகும் வரை நம் உயர்மறைமாவட்டத்தின் பகுதிகளே. கல் உடைத்தவரும், கல் கொட்டப்பட்ட கரையில் வாழ்ந்தவரும் ஒரே ஆயரின் மந்தை. இவரை அவர் அறிந்ததில்லை. முன்பணம் வாங்கிக் குடும்பத்தோடு குவாரியில் தங்கி, சம்மட்டியால் உடைத்து, கடன் தீராமல் பிள்ளைக்கும் அதே சம்மட்டியைக் கொடுத்த வாழ்வு செங்கற்பட்டுப் பக்கம் பலருக்கு வாய்த்தது. கொத்தடிமை முறை 1976இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1983 டிசம்பரில் அரியானாவின் பரிதாபாத் கல்குவாரித் தொழிலாளர் வழக்கில், கொத்தடிமைகளை அடையாளம் கண்டு விடுவிப்பதும் மறுவாழ்வளிப்பதும் அரசின் கடமை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தது, கல்தூள் நுரையீரலில் படிவது நிற்கவில்லை. அரைவை ஆலைத் தூசி மெல்ல மெல்ல மூச்சை அடைக்கும். சிலிக்கோசிஸ் என்னும் அந்நோய்க்கு இன்றும் தீர்க்கும் மருந்தில்லை. காசநோய் என்று தவறாகக் கருதப்பட்டுக் காசநோய் மருந்தையே விழுங்கி மடிந்தவர்கள் உண்டு.

குன்று இருந்த இடத்தில் இன்று குட்டைகள். பல்லாவரம், பம்மல் பக்கம் செல்வோர் பார்க்கலாம்: செங்குத்தான சுவர்களுக்கு நடுவே பச்சை நீர். திரைப்படத்தில் சண்டைக் காட்சிக்கு உதவும். கோடை விடுமுறையில் குளிக்க இறங்கும் சிறுவரை விழுங்கும். மாங்காட்டை அடுத்த சிக்கராயபுரத்துக் கல்குட்டை நீரை 2017இலும் 2019இலும் சென்னை சுத்திகரித்துக் குடித்தது. குன்றைத் தின்ற நகரம் அதன் குழியிலிருந்து தாகம் தீர்த்துக்கொண்டது. இன்று நகருக்கு வரும் கல் இன்னும் தொலைவிலுள்ள குன்றுகளிலிருந்து வருகிறது. அங்கும் குழி இருக்கும், கூலியாள் இருப்பார். கடலில் கொட்டுகின்ற ஒவ்வொரு லாரிக்கும் எங்கோ ஓர் ஊரில் ஒரு குன்று குறைகிறது. இரு முனையிலும் ஏழையே இழக்கிறான். நடுவில் வாழ்பவர் ஒப்பந்தக்காரர். அவர் நம் தேர்த்திருவிழாவுக்கும் நன்கொடை தருகிறார் என்பதை இங்கே சொல்லாமல் விட்டால் நாம் கோழையாவோம்.

சரி, வேறு வழி? உண்டு. அணை நிறுத்திய மணலை அணையைத் தாண்டி எடுத்துக் கொடுக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் டுவீட் ஆற்று முகத்தில் 2001 முதல் குழாய்வழி மணலை ஒரு மாநிலத்திலிருந்து மறு மாநிலக் கரைக்கு ஏற்றி அனுப்புகிறார்கள். விசாகப்பட்டினத்தில் துறைமுகத்துக்குத் தெற்கே சேரும் மணலை வாரி நகரின் கடற்கரைக்கு ஊட்டுகிறார்கள். நமக்கு மிக அருகே புதுச்சேரியில், துறைமுகத்தால் கடற்கரையை இழந்து கற்குவியலையே பார்த்துக்கொண்டிருந்த நகரம், நீருக்கடியில் அலையை உடைக்கும் திட்டொன்றை 2018இல் இறக்கியபின் மணலை மீண்டும் கண்டது. தாத்தாவுக்கு நினைவிருந்த கடற்கரையில் பேரன் கால் பதித்தான். குறைகள் இருக்கலாம், எல்லாவிடத்துக்கும் ஒரே மருந்து பொருந்தாமலும் போகலாம். ஆயினும் மணல் திரும்பி வரும் என்பதற்கு இவை சாட்சி. 1990 முதல் 2016 வரையான இந்தியக் கடற்கரையை ஆராய்ந்து 2018இல் வெளியான தேசிய மதிப்பீடு, மூன்றில் ஒரு பங்கு கரை அரிபடுகிறது என்றது. 2022இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, முழுமையான கடற்கரை மேலாண்மைத் திட்டம் வகுக்காமல் தூண்டில் வளைவு கட்டுவதற்குத் தடை விதித்தது. அறிவும் சட்டமும் நம் மனுவைத் தாண்டிச் சென்றுவிட்டன. நாம் மட்டும் பழைய மனுவைப் படியெடுத்துக்கொண்டிருக்கிறோம்.

சென்ற பருவத்தில் பேரவை கூடியபோது, இம்முறை கல் கேட்டுக் கையொப்பமிட மாட்டோம் என்று சொன்னோம். அமைதி. பின்பு கூச்சல். "பாதருக்கு வீடு கோயிலுக்குப் பின்னால பத்திரமா இருக்கு" என்றார் ஒருவர். உண்மை, பதில் சொல்ல இயலவில்லை. நெடுநேரம் பேசாதிருந்த மீன் விற்கும் மூதாட்டி ஒருவர் எழுந்து கேட்டார்: "சாமி, கல்லு கேட்டா லாரி வருது. மண்ணு கேட்டா எந்த ஆபீசுல குடுப்பாங்க?"

அக்கேள்வியோடு கூட்டம் இரவு பத்து மணிவரை நீண்டது. துறைமுக நிர்வாகத்துக்கு எழுதலாம் என்றனர் சிலர். நீர்வளத் துறைக்கு என்றனர் சிலர். மாவட்ட ஆட்சியருக்கு, மீன்வளத் துறைக்கு என்றும் சொன்னார்கள். வடக்கே எண்ணூர்ப் பங்குகளோடு சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுத்தால் ஒருவர் மணலை ஒருவர் பறிக்கும் பேச்சே எழாது என்று இளைஞர் ஒருவர் சொன்னதற்குக் கைதட்டல் கிடைத்தது. இப்போது மனு நான்கு படிகளாக எழுதப்பட்டுள்ளது. நம் கையொப்பம் இம்முறை கடைசியில். முதலில் கையொப்பமிட்டவர் அம்மூதாட்டி. மூன்று பங்குகளின் பேரவைகள் இணங்கியுள்ளன; மற்றவற்றின் பதிலுக்குக் காத்திருக்கிறோம்.